கோதுமை இல்லாத பிளம் கேக்: டெல்லியில் யாராவது வீட்டில் செய்கிறீர்களா?

மயூர்விஹார்_அம்மா

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் மகளுக்கு ஏழு வயது. இந்த வருடம் அவளுக்கு சீலியாக் என்று உறுதியாகிவிட்டது; கோதுமையிலுள்ள குளுட்டன் என்ற புரதம் ஆகாத நோய். அன்றாடச் சாப்பாட்டில் பெரிய தொந்தரவு இல்லை. எங்களுக்கு நாகர்கோவில் பக்கம். வீட்டில் எப்போதும் சோறு, ஆப்பம், இடியாப்பம், புட்டு என்றுதான் ஓடும். சப்பாத்தியும் ரவையும் நின்றுபோனதை யாரும் பெரிதாகத் தேடவில்லை.

இப்போது டிசம்பர் வருகிறது. பிளம் கேக் இல்லாமல் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கிடையாது. மாமியார் காலத்திலிருந்து வீட்டிலேயே செய்து அக்கம்பக்கத்துக்கும் சர்ச்சில் தெரிந்தவர்களுக்கும் கொடுப்பது வழக்கம். கடையில் விற்கிற குளுட்டன் இல்லாத ஆயத்த மாவில் செய்து பார்த்தேன். ஆறியதும் பொலபொலவென்று உதிர்கிறது. வாயில் போட்டால் நறநறக்கிறது. பழமெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது.

எனக்கு வேண்டியது அவளுக்கென்று தனியாக ஒரு சின்னக் கேக் அல்ல. ஒரே கேக். நாங்களும் அதையே சாப்பிட வேண்டும், வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் அதையே தட்டில் வைக்க வேண்டும். இது உனக்கு, அது அவர்களுக்கு என்று பண்டிகை நாளில் பிரித்து வைக்க மனசு வரவில்லை. முட்டை சாப்பிடுவோம். ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவன் இருக்கிறது. தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

அடுப்படி

அக்கா, தைரியமாக இருங்கள். கோதுமை இல்லாமல் செய்யக்கூடிய கேக்குகளில் இந்தப் பழக் கேக்தான் சுலபம். பன், ரொட்டிக்குத்தான் குளுட்டன் உயிர்; மாவு பொங்கும்போது காற்றைப் பிடித்து வைப்பது அதுதான். கேக்கில் அந்த வேலையைப் பெரும்பாலும் முட்டையே பார்த்துக்கொள்ளும். மைதா போட்ட பிறகு அதிகம் கலக்காதே, ஜவ்வாகிவிடும் என்றுதானே நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? அந்த ஜவ்வுதான் குளுட்டன். கேக் செய்கிறவர்கள் எப்போதும் அதை அடக்கி வைக்கத்தான் பார்க்கிறார்கள்.

இரண்டு இடத்தில் மட்டும் அது இல்லாத குறை தெரியும். கனமான பழத்தைத் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை. ஆறிய பிறகு துண்டு சேர்ந்து நிற்காது. இதற்கு இசப்கோல் போதும். மருந்துக் கடையில் வயிற்றுக்கு விற்கிறார்களே, அதே உமிதான், ஆனால் சுவையூட்டாத வெறும் உமியாக இருக்க வேண்டும். சாந்தன் கம் என்ற பொடியும் போடலாம். எனக்கு இசப்கோல்தான் பிடிக்கும். ஈரத்தைப் பிடித்து வைப்பதால் கேக் நாலு நாள் கழித்தும் காய்வதில்லை.

நறநறப்புக்குக் காரணம் மாவு அரைத்த விதம். காய்ந்த அரிசியை அப்படியே அரைத்த மாவு எவ்வளவு சலித்தாலும் மணல் மணலாகத்தான் இருக்கும். நம் வீட்டில் இடியாப்பத்துக்கும் அதிரசத்துக்கும் எப்படி மாவு எடுப்போம்? அதையே செய்யுங்கள். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி, தொட்டால் ஈரம் தெரிய வேண்டும், கையில் ஒட்டக் கூடாது என்கிற பதத்தில் மிக்ஸியில் அரைத்து, மெல்லிய சல்லடையில் சலியுங்கள். ஊறிய அரிசி இலகுவாக உடையும். மாவு மெத்தென்று வரும். பிறகு அதைக் காயவைக்க வேண்டும். இடியாப்பத்துக்கு வறுப்பதுபோல் வறுக்க வேண்டாம். டெல்லி டிசம்பர் வெயிலை நம்ப முடியாது, பனிமூட்டம் என்றால் நாள் முழுக்கக் காயாது. ஓடிஜியை ஆகக் குறைந்த சூட்டில் வைத்து, தட்டில் பரப்பி, அவ்வப்போது கிளறிவிட்டால் காய்ந்துவிடும்.

அளவு, 18 சென்டிமீட்டர் வட்ட டின்னுக்கு: காய்ந்த அரிசி மாவு 100 கிராம், பாதாம் பொடி 75 கிராம், ஆரோரூட் மாவு 25 கிராம். வெண்ணெய் 150, நாட்டுச் சர்க்கரை 150, முட்டை 3. பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. ஊறி வடித்த பழம் 400 கிராம். தயவுசெய்து தராசில் நிறுத்துப் போடுங்கள். மைதாவில் கப் கணக்கு கொஞ்சம் முன்பின் ஆனாலும் கேக் வந்துவிடும். அரிசி மாவில் இருபது கிராம் கூடினாலே கேக் கட்டையாகிவிடும்.

முதலில் இசப்கோல் இரண்டு டீஸ்பூனைப் பழம் ஊறிய சாறு மூன்று டேபிள்ஸ்பூனில் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். கூழாகிவிடும். வெண்ணெயும் சர்க்கரையும் நுரைக்க அடித்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேருங்கள். குளிர்காலத்தில் பலருக்கும் இங்கேதான் கெடுகிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையைச் சேர்த்தால் வெண்ணெய் திரிந்துபோகும். முட்டையை ஓட்டோடு வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் போட்டு வைத்தால் போதும். திரிகிற மாதிரி தெரிந்தால் ஒரு கரண்டி பாதாம் பொடி போட்டு அடியுங்கள், சேர்ந்துவிடும். அப்புறம் கூழ், கரித்த சர்க்கரைப் பாகு இரண்டு டேபிள்ஸ்பூன், மாவுக் கலவை, மசாலா, பழம். பழத்தை முன்பே ஒரு கரண்டி அரிசி மாவில் புரட்டி வையுங்கள். மாவு கரண்டியிலிருந்து வழியக் கூடாது, பொத்தென்று விழ வேண்டும். அந்தக் கெட்டி இருந்தால் பழம் இறங்காது.

கலக்கியதும் உடனே ஓவனில் வைக்காதீர்கள். இருபது நிமிடம் அப்படியே விடுங்கள். அரிசி மாவு ஈரத்தை மெதுவாகத்தான் குடிக்கும். குடிக்க நேரம் கொடுக்காமல் வேகவைத்தால் நறநறப்பு திரும்ப வந்துவிடும். டின்னுக்கு உள்ளே இரண்டு சுற்று பட்டர் பேப்பர், 150 டிகிரி, 80 முதல் 90 நிமிடம். மேலே சீக்கிரம் கருத்தால் அலுமினியத் தாளை லேசாக மூடிவிடுங்கள். குச்சி குத்திப் பார்த்தால் பழத்தின் பிசுக்கு ஒட்டும், அதை வைத்து முடிவுக்கு வர முடியாது. வெப்பமானி இருந்தால் நடுவில் 96, 97 டிகிரி காட்ட வேண்டும். டின்னிலேயே முழுக்க ஆற விடுங்கள். அன்றைக்கே வெட்டக் கூடாது. மறுநாள் வெட்டினால் துண்டு சுத்தமாக விழும்.

கோல்மார்க்கெட்_வாசி

அடுப்படி சொன்னதில் மசாலா விட்டுப்போயிற்று. நான் இந்த ஊருக்கு வந்த நாள் முதல் காரி பாவலியில்தான் வாங்குகிறேன். சாந்தினி சௌக் மெட்ரோவில் இறங்கி ஃபதேபுரி மசூதிப் பக்கம் நடந்தால் மிளகாய் நெடியே வழி காட்டும். ஞாயிறு கடை இருக்காது.

பட்டை கேட்டால் முதலில் எடுத்துப் போடுவது தடித்த காசியாப் பட்டை. கேக்குக்கு அது முரட்டு மணம். பல அடுக்காகச் சுருண்டு, விரலால் நசுக்கினாலே நொறுங்குகிற இலங்கைப் பட்டையைக் கேட்டு வாங்குங்கள், விலை கூடுதல்தான். இந்த அளவு கேக்குக்கு அது இரண்டு விரல் நீளம், கிராம்பு ஆறு, ஏலக்காய் நாலு, ஜாதிபத்திரி ஓர் இதழ், சுக்குப் பொடி அரை டீஸ்பூன். ஒரு கரண்டி சர்க்கரை சேர்த்து அரைத்தால் நைசாக வரும். ஜாதிக்காயைக் கடைசியில் துருவிப் போடுங்கள், பொடித்து வைத்தால் மணம் ஓடிவிடும். அரிசி மாவுக்கென்று பெரிய சுவை இல்லாததால் மசாலா தூக்கலாகத் தெரியும். கிராம்பைக் கூட்டவே வேண்டாம்.

பழத்துக்கு: கிஷ்மிஷ், கருந்திராட்சை, பேரீச்சை, கயிற்றில் கோத்து விற்கும் அத்தி, குபானி என்கிற உலர்ந்த ஆப்ரிகாட். முனக்கா என்கிற பெரிய உலர்திராட்சை வாங்கினால் கொட்டையை எடுக்க உட்கார வேண்டும், ஆனால் அந்தச் சதைப்பிடிப்பு கிஷ்மிஷில் வராது. செர்ரி என்று சிவப்புச் சாயம் போட்டு விற்பதை விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் ஆக்ரா பேட்டாவில் பாகு வடிந்த காய்ந்த துண்டுகளைப் பொடியாக நறுக்கிப் போட்டுப் பாருங்கள், பூசணிதான், நன்றாக இழைந்து வரும்.

இரவுப்பணி

நான் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். செய்முறையைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சீலியாக் உள்ள குழந்தைக்குச் செய்முறையில் கோதுமை இல்லாமல் இருந்தால் மட்டும் போதாது. சமையலறையில் எங்கிருந்தும் வந்து ஒட்டக் கூடாது. நம் நாட்டில் குளுட்டன் இல்லாதது என்று லேபிள் போட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அது எவ்வளவு சின்ன அளவு என்பதை யோசியுங்கள். ஆட்டா சலித்த சல்லடையின் கண்களில் ஒட்டியிருப்பதே அதைத் தாண்டிவிடும்.

அதனால் சல்லடை புதிது வாங்குங்கள். மரக்கரண்டி, கீறல் விழுந்த பழைய கேக் டின், சப்பாத்திக் கட்டை எதுவும் வேண்டாம். தெருமுனைச் சக்கியில் அரிசி அரைக்கக் கொடுக்காதீர்கள். அங்கே அதே கல்லில்தான் நாள் முழுக்கக் கோதுமை ஓடுகிறது. வீட்டு மிக்ஸியில் அரைப்பதுதான் சரி, அடுப்படி சொன்ன ஈர மாவு இதற்கும் பொருந்தி வருகிறது. வீட்டில் வேறு யாருக்காவது ஆட்டா பிசைவதாக இருந்தால் கேக் செய்கிற அன்று வேண்டாம். மாவுத் தூசி காற்றில் மிதந்து எல்லாவற்றின் மேலும் படியும்.

வாங்கும் பொருளில் கவனிக்க வேண்டியவை: பேக்கிங் பவுடரில் எந்த ஸ்டார்ச் கலந்திருக்கிறது என்று பாருங்கள், சோள ஸ்டார்ச் என்றால் சரி. சில்லறையில் விற்கும் மசாலாப் பொடி வேண்டாம், முழுதாக வாங்கி அரையுங்கள். நறுக்கி விற்கிற பேரீச்சையில் ஒட்டாமல் இருக்க மாவு தூவுவதுண்டு. முழுப் பேரீச்சை வாங்குங்கள். உலர்பழம் மூட்டையில் திறந்து வைத்து விற்றதாக இருந்தால் கழுவித் துடைத்த பிறகே ஊறவையுங்கள். கேக்குக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்: கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். சாம்பாரும் ரசமும் தினமும் வைக்கிற வீட்டில் இதை யாரும் சந்தேகிப்பதே இல்லை.

இன்னொன்று, கிறிஸ்தவ வீடுகளுக்கென்றே. பழத்தை வீட்டுத் திராட்சை ஒயினில் ஊறவைப்பீர்களா? கேரளத்து முறையிலும் ஆங்கிலோ இந்தியர் முறையிலும் அந்த ஒயினில் ஒரு பிடி கோதுமை போடுவது வழக்கம். யாரோ அன்பாகக் கொடுத்த பாட்டில் என்றால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மயூர்விஹார்_அம்மா

இரவுப்பணி அக்கா, ஒயினில் கோதுமை போடுவார்கள் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. மாமியாரிடம் போனில் கேட்டேன். ஆமாம், போடுவோம் என்கிறார். அந்தப் பாட்டிலை எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன். அப்படியானால் எதில் ஊறவைப்பது? கின்னோ ஆரஞ்சு இப்போது தள்ளுவண்டியெல்லாம் குவிந்து கிடக்கிறது, அதன் சாறு போதுமா?

துவாரகா_திண்டுக்கல்

கின்னோச் சாறு வேண்டாம் சகோதரி. பிழிந்த உடனே குடித்தால் இனிக்கும், வைக்க வைக்கக் கசக்கும். அதிலுள்ள கசப்பில்லாத ஒரு பொருள் பிழிந்த பிறகுதான் லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. இது கலிபோர்னியாவில் 1915இல் இரண்டு மாண்டரின் வகைகளை இணைத்து உண்டாக்கிய பழம், 1935இல் வெளியிட்டார்கள். பஞ்சாபில் வந்து அமோகமாக வேரூன்றிவிட்டது. உரித்துச் சாப்பிட அருமை. பல நாள் ஊறலுக்கு ஆகாது.

கருப்புத் திராட்சையை வேகவைத்து வடிகட்டிய சாறு நல்லது. அதைவிட எனக்குப் பிடித்தது கட்டியாகப் போட்ட பால் சேர்க்காத டீ, ஒரு துண்டு பட்டையோடு. சூடாக ஊற்றி ஒரு ராத்திரி மூடி வைத்தால் போதும், பழம் உப்பி வரும். ரம் பழக்கம் இருந்தால் அதிலும் குளுட்டன் கிடையாது, கரும்புப் பாகிலிருந்து வடிப்பதுதானே. குழந்தைக்கு என்பதால் டீயையே, அதுவும் இலையைக் குறைத்து, அல்லது திராட்சைச் சாற்றையே வையுங்கள்.

அரிசி மாவு மட்டும் ஏன் என்றும் கேட்கிறேன். டெல்லியில் இருக்கிற நமக்கு ஒரு வசதி உண்டு. நவராத்திரி விரதத்துக்கு இங்கே தானியம் தொட மாட்டார்கள். அதற்காக குட்டு (பக்வீட்), சிங்காடா (நீரில் விளையும் ஒரு கொட்டை), ராஜ்கிரா (கீரை விதை) மாவுகள் மூலைக் கடையில்கூடக் கிடைக்கும். மூன்றிலும் குளுட்டன் இல்லை. அரிசி மாவில் 30 கிராமைக் குறைத்து குட்டு சேர்த்தால் கேக்குக்கு நல்ல கருநிறமும் வறுத்த பருப்பு வாசனையும் வரும். இந்த மசாலாவுக்கு அப்படிப் பொருந்தும்.

இரவுப்பணி

குட்டு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. மாவில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வரும். பழைய குட்டு மாவு சாப்பிட்டுக் கூட்டமாக மருத்துவமனைக்கு வந்த செய்தி விரத நாட்களில் இந்த வட்டாரத்தில் அடிக்கடி வருவதுதான். டிசம்பரில் கடையில் இருப்பது நவராத்திரிக்கு வந்த மிச்சமாகவும் இருக்கலாம். தவிர, விரதத்துக்கு என்று எழுதியிருப்பதும் குளுட்டன் இல்லாதது என்று சோதித்திருப்பதும் ஒன்றல்ல. அரைத்த ஆலை கோதுமை ஆலையாக இருக்கலாம். அது பெரியவர்களின் பக்திக்குப் போதும், இந்தக் குழந்தையின் குடலுக்குப் போதாது.

துவாரகா_திண்டுக்கல்

சரி, ஒத்துக்கொள்கிறேன், மாவாக வாங்க வேண்டாம். முழுக் குட்டு வாங்கி, பொறுக்கி, கழுவிக் காயவைத்து வீட்டில் அரைக்கலாம். அந்த வாசனையை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

சென்னை_பெரியம்மா

படித்துக்கொண்டே வந்தேன். குழந்தையை இவ்வளவு பொத்திப் பொத்தி வளர்க்க வேண்டுமா? எங்கள் பக்கத்தில் யாருக்கும் இந்த நோயெல்லாம் கேள்விப்பட்டதில்லை. மைதா கெடுதல்தான், ஆனால் கோதுமை நல்லதுதானே. பண்டிகைக்கு ஒரு துண்டு சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்? கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடாதா?

இரவுப்பணி

பெரியம்மா, அக்கறையில் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. ஆனால் தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும்: பழகாது. மைதா, ரவை, ஆட்டா, சம்பா கோதுமை எல்லாமே ஒன்றுதான். பார்லியும் அப்படியே, அதனால் மால்ட் கலந்த பானப் பொடிகளும் ஆகாது. உடம்பின் எதிர்ப்பு சக்தியே குடலின் உள்பக்கத்தைத் தாக்குகிற நோய் இது. சாப்பிட்டது சத்தாகச் சேராது. ரத்தசோகை வரும், வளர்த்தி நிற்கும். ஒரு துண்டில் வயிறு வலிக்காமல் போகலாம், உள்ளே புண் ஆகிக்கொண்டுதான் இருக்கும்.

உங்கள் பக்கம் கேள்விப்படாததற்குக் காரணம் உண்டு. 2016இல் வெளியான ஓர் ஆய்வில் பெரியவர்களைப் பரிசோதித்துப் பார்த்தார்கள். இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் வடக்கே ஆயிரம் பேரில் சுமார் பன்னிரண்டு பேரின் ரத்தத்தில் இருந்தது, வேலூர்ப் பக்கம் ஆயிரத்துக்கு ஒருவருக்கு. இந்த நோய்க்கு இடம் கொடுக்கிற மரபணு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கிறது. சாப்பிடுகிற கோதுமை அளவுதான் மலைக்கும் மடுவுக்கும். நம் பிள்ளைகள் இங்கே வளர்கிறார்கள், டிபன் டப்பாவில் பராத்தாவோடு. ஊரிலிருக்கும் சொந்தக்காரர்களுக்கு இது புதிதாகத் தெரிவது இயல்புதான்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. பிள்ளைக்கு இது இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போகாதீர்கள். நிறுத்தியபின் ரத்தப் பரிசோதனை எடுத்தால் இல்லை என்று தவறாகக் காட்டக்கூடும். முதலில் பரிசோதனை, பிறகு பத்தியம். எய்ம்ஸில் சீலியாக்குக்கென்றே தனி கிளினிக் நடக்கிறது.

சென்னை_பெரியம்மா

இவ்வளவு இருக்கிறது என்று தெரியாதும்மா. என் தங்கை பேரனுக்கு நொய்டாவில் இதையேதான் சொன்னார்கள், நாங்கள்தான் காதில் வாங்கவில்லை. இந்த இழையை அப்படியே அவர்களுக்கு அனுப்புகிறேன். குழந்தைக்கு என் ஆசீர்வாதம்.

குருகிராம்_சைவம்

முட்டை இல்லாமல் இதே கேக்கைச் செய்ய வழி உண்டா? எங்கள் வீட்டில் முட்டை நுழையாது. என் கணவருக்குத்தான் குளுட்டன் ஆகாது. பாதாம் விலையும் கையைக் கடிக்கிறது.

அடுப்படி

வழி உண்டு, ஆனால் இதே கேக்காக வராது. குளுட்டனும் இல்லை, முட்டையும் இல்லை என்றால் கேக்கை எழுப்பி நிறுத்த எதுவுமே இல்லை. பெரிய டின்னில் ஊற்றினால் நடுவில் குழிந்துவிடும். அதனால் கப் கேக்காகவோ சின்ன நீள டின்னிலோ செய்யுங்கள். பழத்தை 200 கிராமாகக் குறைத்து மிகப் பொடியாக நறுக்குங்கள். முட்டைக்குப் பதில் கெட்டித் தயிர் 150 கிராம், பொடித்த ஆளிவிதை இரண்டு டேபிள்ஸ்பூனை ஆறு டேபிள்ஸ்பூன் வெந்நீரில் கரைத்தது. தயிர் சேர்வதால் ஆப்ப சோடா அரை டீஸ்பூன், பேக்கிங் பவுடரோடு. நன்றாகக் கனிந்த வாழைப்பழம் ஒன்றைப் பிசைந்து போட்டால் மிருதுவாக இருக்கும். 170 டிகிரியில், கப் கேக் என்றால் 25 நிமிடத்தில் பாருங்கள்.

பாதாமுக்குப் பதில் மகஜ் போடலாம், அல்வாவின் மேல் தூவுவார்களே, அந்த உரித்த பூசணி, முலாம்பழ விதைகள். மொத்தக் கடையில் விலை கேட்டுப் பாருங்கள். மிக்ஸியில் விட்டு விட்டு அரையுங்கள்; ஒரே மூச்சில் ஓட்டினால் எண்ணெய் பிரிந்து விழுதாகிவிடும்.

கோல்மார்க்கெட்_வாசி

முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு யோசனை. மாவே இல்லாத கேக் ஒன்று இருக்கிறது. முழு ஆரஞ்சைத் தோலோடு ஒன்றரை, இரண்டு மணி நேரம் வேகவைத்து, கொட்டை நீக்கி அரைத்து, பாதாம் பொடி, சர்க்கரை, முட்டையோடு கலந்து சுடுவது. மத்தியதரைக் கடல் பக்கத்து யூதர்களின் பழைய பலகாரம். பெசாக் பண்டிகையில் புளித்த மாவுப் பண்டம் ஆகாது என்பதால் இப்படி மாவில்லாமல் செய்யும் வழக்கம் அவர்களிடம் உண்டு. ஆனால் இதற்கு முட்டை அவசியம், அதனால் சைவத்துக்கு ஆகாது, மன்னிக்கவும். மயூர்விஹாருக்கு ஆகும். கின்னோ கசக்கும், நாக்பூர் ஆரஞ்சு எடுத்து, வேகும்போது ஒருமுறை தண்ணீரை மாற்றினால் தோல் கசப்பு போய்விடும். பட்டையும் ஏலக்காயும் போதும்.

லஜ்பத்நகர்_ரயில்

ஆயத்தமாக வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. என் தம்பிக்கு சீலியாக். பெயர் பெற்ற ஒரு பேக்கரியில் குளுட்டன் இல்லாத கேக் என்று பலகை வைத்திருந்தார்கள். கேட்டு வாங்கினோம். கண் முன்னாலேயே பக்கத்துக் கேக்கை வெட்டிய அதே கத்தியை எடுத்து, துடைக்கக்கூட இல்லாமல் அதில் வைத்தார் அந்தப் பையன். மாவு எதுவாக இருந்து என்ன பயன்? தம்பி அன்றைக்கு அதைத் தொடவில்லை. வீட்டில் செய்கிறவர்கள் இந்தக் கத்தி விஷயத்தையும் மனதில் வையுங்கள். விருந்தினர் வேறு கேக் கொண்டுவந்தால் அதே தட்டில், அதே கத்தியால் என்று ஆகிவிடக் கூடாது.

மயூர்விஹார்_அம்மா

கேக் செய்தாயிற்று! எல்லோருக்கும் நன்றி சொல்லத்தான் வந்தேன்.

ஈர மாவுதான் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. நறநறப்பு துளியும் இல்லை. பழத்தை டீயில் ஊறவைத்தேன்: அத்தி, குபானி, கருந்திராட்சை, பேரீச்சை, கொஞ்சம் பேட்டா. கலக்கியதும் பார்த்தால் மாவு தளர்வாக இருந்தது, இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் கரண்டி நிற்கிற மாதிரி இறுகியிருந்தது. ஓவனிலிருந்து ஜாதிக்காய் வாசனை வந்ததும் மகள் ஸ்டூலைப் போட்டுக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் வெட்டினோம். பழம் மேலிருந்து அடி வரைக்கும் சமமாக நின்றது. மாமியார் ஒரு துண்டு சாப்பிட்டு, கிராம்பு இன்னும் ஒன்று போட்டிருக்கலாம் என்றார். கோதுமை இல்லை என்பதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

இரண்டு கேள்வி பாக்கி. மேலே நடுவில் நீளமாக வெடித்திருக்கிறது, அது ஏன்? அப்புறம், அக்கம்பக்கத்துக்கும் கொடுக்க வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கிப் பெரிய டின்னில் ஊற்றலாமா?

அடுப்படி

ரொம்ப சந்தோஷம் அக்கா. வெடிப்பு ஓவனின் மேல்சூட்டால் வருவது. மேல்பக்கம் முதலில் இறுகிவிடுகிறது, உள்ளே இருப்பது பிறகு எழும்பி அதைப் பிளக்கிறது. அடுத்த முறை டின்னை ஒரு தட்டு கீழே இறக்கி, 140 டிகிரியில் இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதலாக வையுங்கள். ஊற்றியதும் நடுவில் கரண்டியால் லேசாகக் குழித்துவிட்டாலும் மேல் சமமாக வரும்.

பெரிய டின் வேண்டாம். ஓரம் காய்ந்த பிறகும் நடுவில் பச்சையாக நிற்கும். அதே அளவு டின் இரண்டு வையுங்கள், ஓடிஜி சின்னது என்றால் ஒன்றன்பின் ஒன்றாக. இரண்டாவது காத்திருக்கும் நேரத்தில் பேக்கிங் பவுடர் வீரியம் இழக்கும், ஆகவே அதற்கான பேக்கிங் பவுடரை மட்டும் ஓவனில் வைப்பதற்குச் சற்று முன்பு சேருங்கள். ஆறியதும் பட்டர் பேப்பரில் சுற்றி, மேலே அலுமினியத் தாள் சுற்றி டப்பாவில் வையுங்கள். டெல்லிக் குளிரில் பத்து நாள் வெளியிலேயே இருக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் அரிசி மாவு விறைத்துக் கட்டியாகிவிடும், அப்படி வைத்துவிட்டால் துண்டைக் கொஞ்சம் சூடுகாட்டிக் கொடுங்கள்.

இரவுப்பணி

பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும் துண்டுகளை முதலில் வெட்டித் தனி டப்பாவில் எடுத்து வைத்துவிடுங்கள். திரும்பி வரும் டப்பாவை மகளின் பாத்திரங்களோடு சேர்க்காமல் நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகு உள்ளே எடுங்கள்.